கார்டில் தங்கிப்போன 31 டாலர்

கூட வேலை பார்க்கும் நண்பர் பொங்கல் விடுமுறைக்குக் குடும்பத்தோடு வியட்நாம் போகிறார். "சார், ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிவிடட்டுமா, டாலர் நோட்டாகவே எடுத்துப் போகட்டுமா?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டார். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைத்து அங்கே செலவழிக்கும் அந்த மாதிரிக் கார்டு ஒன்று என்னிடமும் உண்டு. அதில் மிஞ்சிய பணம், திருப்பித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்து 23 நாள் கழித்து, அன்று காலையில்தான் கணக்குக்கு வந்திருந்தது. அந்தச் சூட்டில் அவருக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2019 டிசம்பரில் சிங்கப்பூர் போவதற்காக இந்தக் கார்டை வாங்கினேன். 2023இல் கோலாலம்பூர், 2025 மே மாதம் ஹோ சி மின் நகரம் என்று மூன்று பயணங்களுக்குக் கூடவே வந்திருக்கிறது. நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் டாலரை 54 ரூபாய் 10 காசுக்கு வீட்டிலிருந்தே ஏற்றினேன். புறப்பட்ட அன்று விமான நிலையக் கவுன்டர் பலகையில் 57 ரூபாய்க்கு மேல் போட்டிருந்தார்கள். பத்துமலையில் படியேறி இறங்கிய களேபரத்தில் கார்டு எங்கோ விழுந்துவிட்டது. விடுதிக்கு வந்ததும் கைபேசியிலேயே அதை முடக்கினேன். கூடக் கொடுத்திருந்த இரண்டாவது கார்டு மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கே வேலை செய்தது. ஒரு காசு போகவில்லை. ரிங்கிட் நோட்டுகள் அப்படி விழுந்திருந்தால் விழுந்ததுதான்.

ஊர் திரும்பிய பிறகுதான் இந்தக் கார்டோடு எனக்கு வம்பு. மூன்று முறையும் அதேதான்: மிச்சம்.

2019இல் 86 சிங்கப்பூர் டாலர் மிஞ்சியது. அடுத்த ஆண்டு போகும்போது ஆகும் என்று விட்டேன். கொரோனா வந்தது, பயணம் நின்றது. பயன்படுத்தாத கார்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை 5 அமெரிக்க டாலர் பிடிப்பார்கள் என்ற விதி, வாங்கியபோது தந்த தாளில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. 2023இல் திறந்து பார்த்தபோது 44தான் மிச்சம். இத்தனைக்கும் அந்த மூன்றரை ஆண்டுகளில் ரூபாய் சரிந்து, சிங்கப்பூர் டாலரை அவர்களே 59 ரூபாய் 40 காசுக்குத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 86 டாலரும் அப்படியே இருந்திருந்தால், 4,653 ரூபாய்க்கு வாங்கியது 5,108 ரூபாய் ஆகியிருக்கும். சும்மா கிடந்த பணம் தானாக வளர்ந்தும், எனக்கு 2,614 ரூபாய்தான் நின்றது.

இந்த மிச்சம் நம் கணக்குத் தப்பினால் வருவது என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வியட்நாமில்தான் காரணம் பிடிபட்டது. விடுதியில் நுழைந்ததும் முன்தொகை என்று 8 லட்சம் டாங்குக்கு (டாங் அந்த நாட்டுப் பணம்) கார்டைத் தேய்த்தார்கள். அந்தப் பணத்தை விடுதி எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் நம்மாலும் தொட முடியாது. அறையைக் காலி செய்த அன்றே விடுவித்துவிட்டதாக வரவேற்பில் இருந்த பெண் திரையைத் திருப்பியே காட்டினார். என் கார்டில் அது திரும்பத் தெரிந்தது ஒன்பது நாள் கழித்து, நான் திருச்சியில் இருந்தபோது. 31 டாலர் 18 சென்ட். வெளிநாட்டில் செலவழிக்க வாங்கிய பணம், வெளிநாட்டை விட்டு வந்த பிறகு கைக்கு வருகிறது.

அதை ரூபாயாக்கச் செயலியில் வழியில்லை. கிளைக்கு நேரில் போனேன். பாஸ்போர்ட் நகல், பயணம் முடிந்ததற்கான முத்திரைப் பக்கத்தின் நகல், ரத்து செய்த காசோலை, மூன்று கையெழுத்து. கவுன்டரில் இருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பேசினார். "இவ்வளவு சின்னத் தொகைக்கு ஏன் சார் அலைகிறீர்கள், அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாமே" என்றார். அடுத்த பயணம் வரை அதிலிருந்து யார் சாப்பிடுவார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

87 ரூபாய் 10 காசுக்கு ஏற்றிய டாலரை 84 ரூபாய் 20 காசுக்கு எடுத்துக்கொண்டார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் சேவைக் கட்டணம் 100 ரூபாய், அதற்கு ஜிஎஸ்டி 18 ரூபாய். பணம் மாற்றியதற்கென்று தனி ஜிஎஸ்டி, 25,000 ரூபாய் வரை எவ்வளவு சிறிய தொகையானாலும் குறைந்தது 45 ரூபாய். கடைசியில் கணக்குக்கு வந்தது 2,462 ரூபாய். போட்டதில் நூற்றுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல் போய்விட்டது. கார்டு வாங்கும்போது ஐந்து பைசா வித்தியாசத்துக்கு நான்கு இடத்தில் விலை கேட்கிறோம். திரும்பக் கொடுக்கும்போது என்ன ஆகும் என்று ஓர் இடத்திலும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

நோட்டிலும் தொல்லை உண்டு. திருச்சியில் வாங்கிய நூறு டாலர் நோட்டு ஒன்றின் ஓரத்தில் மிளகளவு நீல முத்திரை இருந்தது. ஹோ சி மின்னில் வங்கிக் கவுன்டர் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தள்ளிவிட்டார். மற்ற நோட்டுகளுக்கு, ஒன்றுக்கு 26 லட்சம் டாங் வீதம் எண்ணிக் கொடுத்தார். அங்கே நகைக் கடைகளிலும் மாற்றுகிறார்கள். உரிமம் உள்ள கடைதானா என்று பார்க்காமல் நீட்டாதீர்கள். 2018இல் கான் தோ நகரில் உரிமம் இல்லாத நகைக் கடையில் நூறே டாலர் மாற்றியவருக்கு 9 கோடி டாங் அபராதம் போட்டார்கள்.

ஆனாலும் அந்த டாங் கட்டு கையில் இருந்த ஆறு நாளும் எனக்கு நிம்மதி. எவ்வளவு இருக்கிறது என்பது தொட்டால் தெரிந்தது. பென் தான் சந்தைக்குப் பின்னால் தெருவோரம் காபி விற்ற அம்மாவிடம் 20 ஆயிரம் என்று நினைத்து ஒரு நீல நோட்டைக் கொடுத்தேன். நான் நினைத்த நோட்டும் கொடுத்த நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம், இரண்டுமே பிளாஸ்டிக் வழவழப்பு. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, நோட்டில் இருந்த சுழியங்களை நகத்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஐந்து லட்சம். பிறகு என் கட்டிலிருந்து சரியான நோட்டைத் தானே உருவிக்கொண்டார். அந்த ஐந்து லட்சம் நம் பணத்தில் 1,600 ரூபாய்க்கு மேல். அவர் பேசாமல் வாங்கிப் போட்டிருந்தால் இரவில்தான் எனக்குத் தெரிந்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் கார்டு நல்ல கார்டு. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அந்தந்த நாட்டுப் பணத்தையே ஏற்றலாம். கடைக்காரர் இயந்திரத்தில் ரூபாயா, உள்ளூர்ப் பணமா என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்று சொல்லிவிட்டால் போதும், கூடுதல் செலவில்லை. டாங் ஏற்ற என் கார்டில் வழியில்லை. டாலரிலிருந்து மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் மூன்றரை சதவீதம் போனது. விடுதி முன்தொகையை மட்டும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் பாதி வம்பு தீரும். இதையெல்லாம் பிறகு நண்பரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, வாங்கவே வேண்டாம் என்றும் சொன்னேன். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகவே எடுத்துப் போக அனுமதி இருக்கிறது. அவருக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. கறையில்லாத நோட்டாகப் பார்த்து வாங்கட்டும்.

எனக்கும் 1 லட்சத்து 80 ஆயிரம் டாங் நோட்டாக மிஞ்சியிருந்தது. திருச்சியில் மூன்று கடைகளில் கேட்டேன், யாரும் வாங்கவில்லை. மறுநாள் ஒரு கவரில் போட்டு நண்பரிடமே கொடுத்துவிட்டேன்: ஒரு லட்சம் ஒன்று, இருபதாயிரம் நான்கு. விமான நிலையத்திலிருந்து டாக்ஸிக்கு ஆகும். நான்கு நீல நோட்டுகளையும் மேசைமேல் பரப்பி, இந்த நீலத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சுழியங்களை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துக்கொண்டார்.