ஈஸ்ட் தொற்றா, பாக்டீரியா தொற்றா?

இந்தப் புழுக்கத்தில் 'அங்கே', அதாவது பெண்ணுறுப்பில், கொஞ்சம் அரித்தாலே ஈஸ்ட் (ஒரு வகைப் பூஞ்சை) மருந்து வாங்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள்.

அரிப்பு: ஈஸ்ட் என்றால் தூக்கமே கெடும், சிவந்து, சிறுநீர் பட்டால் எரியும். பாக்டீரியா என்றால் குறைவு.

வெள்ளைப்படுதல்: ஈஸ்டில் திரிந்த பால்போலக் கட்டியாக உள்ளாடையில் ஒட்டியிருக்கும். மற்றதில் தண்ணீராக, சாம்பல் நிறத்தில்.

வாடை: இதைத்தான் முதலில் கவனிக்கச் சொல்வேன். மீன் வாடை அடித்தால், அதுவும் உடலுறவுக்குப் பிறகு கூடினால், பெரும்பாலும் பாக்டீரியாதான். ஈஸ்டில் வாடை அவ்வளவாக இராது.

மருந்து: ஈஸ்டுக்கு குளோட்ரிமசோல், பாக்டீரியாவுக்கு மெட்ரோனிடசோல். மாற்றிப் போட்டால் பயனில்லை.

முன்பே மருத்துவர் ஈஸ்ட் என்று சொல்லி, அதே அறிகுறி திரும்பினால் மருந்தாளுநரிடம் கேட்கலாம். முதல் தடவை, கர்ப்பம், சர்க்கரை நோய், அடிவயிற்று வலி என்றால் நேரே பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய் மருத்துவரைப் பாருங்கள். கூச்சமா? பெண் மருத்துவர் வேண்டும் என்று பதியும்போதே கேளுங்கள்.