பகுதிநேரமா, முழுநேரமா: உளவள ஆலோசனைப் பட்டப்படிப்பு

உளவள ஆலோசனையும் உளச்சிகிச்சையும் பயில விரும்புவோர் பலர், வேலையை விடுவதா, வேலையோடு படிப்பதா என்று தயங்குகின்றனர்.

செலவு: முழுநேரத்தில் படிப்பு விரைவில் முடியும், ஆனால் வருமானம் நின்றுவிடும். பகுதிநேரத்தில் ஊதியம் தொடரும்.

களப்பயிற்சி: முழுநேர மாணவருக்கு இது எளிது. வகுப்புகள் மாலையில் அமைந்தாலும், மேற்பார்வையின்கீழ் ஆலோசனை நாடுவோரைச் சந்திக்கும் பயிற்சி பெரும்பாலும் பகல் வேளையையே கேட்பதால், பகுதிநேர மாணவர் இதில்தான் மிகவும் திணறுகிறார்; பணியிடத்தின் இசைவை முன்கூட்டியே பெறுவது நல்லது.

முதிர்ச்சி: ஆலோசகரிடம் இருக்க வேண்டியவை என 1957-இல் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வலியுறுத்திய ஒத்துணர்வு, நிபந்தனையற்ற மதிப்பு, உண்மைத்தன்மை ஆகியவை மனனம் செய்து பெறக்கூடியவை அல்ல என்பதால், அவை ஊறுவதற்குக் கூடுதல் காலம் தரும் பகுதிநேரப் படிப்பையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

குடும்பப் பொறுப்புள்ளோருக்குப் பகுதிநேரமும், சேமிப்புடன் விரைவில் தொழில் மாற விழைவோருக்கு முழுநேரமும் பொருந்தும்.