சூட்டோடு வெட்டித் தரமாட்டோம்: தோ பாயோ ரொட்டிக் கடை அனுபவம்

லண்டனில் வாழும் சிங்கப்பூர்த் தமிழர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் சாப்பாட்டில் வந்து நிற்கும். ஊருக்குப் போனால் மீன்தலைக் கறி, ரொட்டி பிராட்டா, லக்சா, இந்திய ரோஜாக் என்று வரிசையாகச் சொல்வார்கள். அக்கம்பக்கத்து ரொட்டிக் கடையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கோ அதுதான் முதலில். இந்த முறை அம்மா வீட்டில் தங்கியிருந்தபோது அந்தக் கடையில் கிடைத்த கவனிப்பை விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியது.

மற்ற சேவைகளைப் பற்றிச் சில வரிகள் போதும். சாங்கி விமான நிலையத்தில் சிங்கப்பூரர்கள் கடப்பிதழை வெளியே எடுக்காமலேயே முகத்தையும் கருவிழியையும் காட்டிவிட்டு வந்துவிடலாம். வங்கி வேலை, மருந்தக முன்பதிவு, அம்மாவின் அரசாங்கப் படிவங்கள் எல்லாம் கைத்தொலைபேசியிலேயே முடிந்தன. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கேயும் ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்து, “இது உங்களுக்கு வேண்டாம், சற்றுப் பொறுத்து வாங்குங்கள்” என்று சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் சொன்னார்கள்.

கடை சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில், லோரோங் 8 பக்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வைராவிமட காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அம்மா நடந்தே வந்துவிடும் தூரம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளம். ஒரு பக்கம் சீன மருந்துக் கடை, மறுபக்கம் முடிதிருத்தும் நிலையம். பெயர்ப்பலகை வெளுத்துவிட்டது. குளிர்சாதனம் கிடையாது, கண்ணாடிப் பேழை கிடையாது. முன்னால் ஒரு நீண்ட மேசை, அதன்மேல் ரொட்டி வெட்டும் இயந்திரம், பின்னால் அடுப்பு. காலை பத்தரை மணி வாக்கில் முதல் ஈடு வெளியே வரும். பிற்பகல் மூன்றரைக்கு இன்னொன்று.

தட்டை இழுக்கும்போது பார்த்தால் ரொட்டியின் மேல்புறம் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். புதிதாக வருபவர்கள் தீய்ந்துவிட்டதோ என்று நினைத்துத் தயங்குவார்கள். சிங்கப்பூரின் பழைய பாணி ரொட்டி இப்படித்தான். மூடியில்லாத அச்சில் நல்ல சூட்டில் சுடுவார்கள். மேலே கருகிய தோலை நீளமான கத்தியால் சீவி எடுப்பார்கள். கத்தி ஒரே இழுப்பில் போகிறது. தோல் சுருளாகக் கீழே விழ, உள்ளேயிருந்து வெள்ளை வெளேரென்று ரொட்டி வெளிப்படுகிறது. விரலால் அழுத்தினால் குழிந்து, கையை எடுத்ததும் மெதுவாக எழுந்து பழைய நிலைக்கு வருகிறது. சீவிய தோலில் ஒரு துண்டை அங்கே நின்றிருந்த குழந்தையிடம் நீட்டினார்கள், எனக்கும் ஒன்று. லேசான கசப்பு, அதன் பின்னால் இனிப்பு.

மேசையில் நிற்பவர் ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் தினமும் பாலம் தாண்டி வரும் தமிழ் இளைஞர். அடுப்பைப் பார்த்துக்கொள்பவர் கடைக்காரச் சீன முதியவர். அம்மா அவரிடம் சந்தை மலாயில் பேசுவார்; அவரும் அதே மலாயில் பதில் சொல்வார். இருவரும் பல வருடங்களாக இப்படிப் பேசி, ஒருவர் வீட்டுப் பேரப்பிள்ளைகளைப் பற்றி மற்றவருக்கு எல்லாம் தெரியும்.

நான் போன அன்று முதல் ஈடு அப்போதுதான் இறங்கியிருந்தது. ஒரு முழு ரொட்டியைக் காட்டி வெட்டித் தரச் சொன்னேன்.

“அக்கா, இதை இப்போது வெட்டித் தரமாட்டோம். அரை மணி நேரம் ஆறட்டும்” என்றார் அந்தத் தம்பி.

காரணம் கேட்டேன்.

“சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டிக்கொள்ளும், துண்டு நசுங்கிவிடும். முழுசாக எடுத்துக்கொண்டு போகிறீர்கள் என்றால் தருகிறேன். ஆனால் பையின் வாயைக் கட்டாதீர்கள். ஆவி உள்ளேயே நின்றால் சாயங்காலத்துக்குள் ஈரம் கோத்துக்கொள்ளும்.”

விற்றால் போதும் என்று நினைக்கும் கடையில் இந்தப் பேச்சு வராது. பக்கத்துக் கோப்பிக் கடையில் அம்மாவோடு உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு, தட்டைத் திருப்பி வைத்துவிட்டு வந்தோம். அதற்குள் ரொட்டி ஆறியிருந்தது. “எவ்வளவு கனம்?” என்று அந்தத் தம்பி கேட்டார். அம்மா முந்திக்கொண்டு, “பாதியை மெல்லிசாக வெட்டு தம்பி, காயா தடவுவதற்கு. மீதியைக் கனமாக வெட்டு, ராத்திரி கறிக்குத் தொட்டுக்கொள்ள” என்றார். ஒரே ரொட்டியை இரண்டு கனத்தில் வெட்டுவதற்கு இயந்திரம் போதாது. கனமான பாதியைக் கையாலேயே அறுத்துக் கொடுத்தார். அதற்குத் தனிக் காசு வாங்கவில்லை.

இங்கே காயாவைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. தேங்காய்ப்பால், முட்டை, சீனி, பாண்டான் இலை சேர்த்துக் காய்ச்சி ரொட்டியில் தடவும் இனிப்பு அது. சீன-மலாய் மரபு கலந்த நியோனியா பாணி பச்சையாக இருக்கும். சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்களின் பாணியில் சீனியைக் கருக்கிச் சேர்ப்பதால் பழுப்பாக இருக்கும். இந்தக் கடையில் பழுப்பு. கேட்டால் கரண்டியால் வழித்து அங்கேயே தடவித் தருவார்கள், நடுவில் கெட்டியான வெண்ணெய்த் துண்டு வைத்து. ஹைனான் மக்கள் பிரிட்டிஷ் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல் வேலை பார்த்து ரொட்டி சுடக் கற்றவர்கள் என்று சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர் என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. சைக்கிளில் பெட்டி கட்டி, மணியடித்துக்கொண்டு அந்தக் காலத்துக் கம்பங்களிலும் (கிராமங்களிலும்) பிறகு வீவக பேட்டைகளிலும் ரொட்டி விற்றவர்களில் தமிழ் முஸ்லிம்கள் பலர். அடுக்குமாடிகளின் கீழே மாமா கடைகள் என்னும் சின்ன மளிகைக் கடைகள் வந்தபின் அங்கேயும் காலையில் ரொட்டிதான் முதலில் தீரும். அம்மாவுக்கு ரொட்டிக்காரர் வந்து நின்ற தாழ்வாரம் இன்றும் நினைவிருக்கிறது.

பிறகு காலம் மாறியது. 1978இல் புக்கிட் தீமா பிளாசாவில் ஒரு சிறிய கடையாகத் தொடங்கிய கார்டீனியா, வெட்டிப் பொட்டலம் கட்டிய ரொட்டியைத் தீவு முழுவதும் கொண்டுபோனது. 2000இல் பிரெட்டாக் வந்து, கண்ணாடிக்குப் பின்னால் ரொட்டி சுடுவதைக் காட்டி, பஞ்சுபோன்ற இறைச்சித் துருவல் தூவிய பன்னுக்கு வரிசையில் நிற்க வைத்தது. இரண்டையும் நான் குறை சொல்லவில்லை. பள்ளிக்கு அம்மா கட்டிக்கொடுத்ததும் பொட்டல ரொட்டிதான். ஆனால் அவற்றோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு முதியவர் இன்னும் கையால் மாவைத் தொட்டுப் பார்த்து வேலை செய்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

நான் இருக்கும் நாட்டில் 1961இல் சோர்லிவுட் முறை என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதிவேக இயந்திரத்தில் மாவைச் சில நிமிடங்கள் அடித்து, புளிக்கும் நேரத்தைப் பெருமளவு குறைக்கும் முறை. பிரிட்டனில் விற்கும் ரொட்டியில் பெரும்பகுதி இன்றும் அப்படிச் செய்வதுதான். மலிவு, மென்மை, நாள்பட இருக்கும். மணம் மட்டும் இருக்காது. மாவு புளிக்கும் நேரத்தில்தான் மணம் பிறக்கிறது. தோ பாயோ முதியவருக்கோ பிரச்சினை நேர்மாறானது. வெளியே 30 டிகிரியைத் தாண்டும் ஊரில், அடுப்புக்குப் பக்கத்தில், ஈஸ்ட் கட்டுக்கடங்காமல் பொங்கும். அதை நிதானப்படுத்தத் தண்ணீரோடு பனிக்கட்டி சேர்க்கிறார். மழை நாளில் ஓர் அளவு, வெயில் நாளில் ஓர் அளவு. எங்கும் எழுதி வைக்கவில்லை. மாவை இழுத்துப் பார்த்து, கிழியாமல் மெல்லிய திரையாக விரிந்தால் போதும் என்கிறார்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கும் முஸ்லிம் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் தரும் ஹலால் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறது. எல்லாப் பழைய கடைகளிலும் அது இருக்காது. சில இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கம் உண்டு, அதனால் கேட்டு வாங்குவது நல்லது. அம்மா புரட்டாசியில் முட்டையும் தொடமாட்டார். அந்த மாதம் பிறந்தபின் ஒரு நாள் போனபோது, “ஆன்ட்டி, வெறும் ரொட்டியில் முட்டை இல்லை. இந்தப் பன்னில் மேலே முட்டை பூசியிருக்கிறோம், காயாவிலும் முட்டை. நீங்கள் வெண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்” என்று அந்தத் தம்பி தானாகவே சொன்னார். அதே வாரம் ஒரு கடைத்தொகுதியில் இருந்த பெரிய ரொட்டிக் கடையில் எதிலெல்லாம் முட்டை இருக்கிறது என்று கேட்டேன். பணியாளருக்குத் தெரியவில்லை, அறிவிப்புத் தாளைத் தேடினார், மேலாளரை அழைத்தார், மேலாளருக்கும் தெரியவில்லை. அன்று சுட்டது என்று ஒட்டியிருந்த ரொட்டி தொட்டாலே உதிர்ந்தது. கட்டிய விலையோ தோ பாயோவில் கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு. அந்தப் பணியாளர்மீது எனக்கு வருத்தமில்லை, மாவைப் பார்த்தே இராத ஒருவரை விற்க நிறுத்தியவர்கள்மீதுதான்.

பணம் கட்டும் விஷயத்தில் வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கவனிக்க வேண்டும். இந்தக் கடையில் பேநவ் என்னும் கைத்தொலைபேசிவழிப் பணப்பரிமாற்றம் அல்லது ரொக்கம்தான். உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லையென்றால் சில்லறை வைத்திருங்கள். முழு ரொட்டி ஒன்று மூன்று வெள்ளிக்குள்தான் (சிங்கப்பூர் டாலர்). அம்மா, சமூக மேம்பாட்டு மன்றங்கள் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் கட்டினார். அந்தப் பற்றுச்சீட்டுகளில் ஒரு பாதியைப் பேரங்காடிகளில் பயன்படுத்தலாம். மறுபாதி உணவங்காடிக் கடைகளுக்கும் குடியிருப்பு வட்டாரக் கடைகளுக்கும் உரியது. அப்படி ஒதுக்கியது நல்ல காரியம். இல்லாவிட்டால் எல்லாம் பேரங்காடிக்கே போய்ச் சேர்ந்திருக்கும். ஊரில் பெற்றோர் இருப்பவர்கள், அந்தப் பாதியை இப்படிப்பட்ட கடைகளில் செலவழிக்கச் சொல்லிக்கொடுங்கள். கைத்தொலைபேசியில் எப்படிக் காட்டுவது என்று பலருக்குக் கை நடுங்குகிறது. பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட்டால் போதும்.

அன்று இரவு கனமாக வெட்டிய துண்டுகளை மீன் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டோம். பொட்டல ரொட்டி குழம்பில் பட்டதும் கரைந்து கூழாகிவிடும். இது குழம்பை முழுவதும் உறிஞ்சிக்கொண்டும் வடிவம் கெடாமல் நிற்கிறது. மறுநாள் காலை மீதித் துண்டுகளைக் கரி அடுப்பு இல்லாததால் தோசைக்கல்லில் வாட்டினோம். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருந்தது.

மீந்ததைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் ரொட்டியின் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி, வெளியே வைத்ததைவிட விரைவில் காய்ந்துபோகும். கெடாமலிருக்கும் மருந்து எதுவும் சேர்க்காத ரொட்டி என்பதால் சிங்கப்பூரின் ஈரக் காற்றில் இரண்டு மூன்று நாளில் பூசணம் பிடித்துவிடும். நாள்பட வைக்க வேண்டுமென்றால் துண்டு துண்டாக உறையவைத்து, எடுத்த உடனே வாட்டிவிட வேண்டும்.

முதியவரிடம் அடுத்து யார் என்று கேட்டேன். பிள்ளைகள் அலுவலக வேலையில் இருக்கிறார்கள், இரவு இரண்டு மணிக்கு எழும் வேலைக்கு அவர்களை அழைக்க மனம் வரவில்லை என்றார். ஜொகூர்த் தம்பி மாவு பிசையக் கற்றுக்கொண்டு வருகிறார். நான் பார்த்த ஒரு நாள் காலை அவர் உருட்டியதை முதியவர் ஒன்றும் சொல்லாமல் அச்சில் வைத்தார். வாடகை ஏறுகிறது, மாவு விலை ஏறுகிறது. கடை நீடிக்க வேண்டும் என்பது என் ஆசை. வாங்குபவர்கள் இருந்தால்தான் அது நடக்கும்.

போக விரும்புபவர்களுக்கு: திங்கட்கிழமை விடுமுறை. முதல் ஈட்டில் வாங்க நினைத்தால் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், சனிக்கிழமை அதற்கும் முன்பே. விருந்துக்கு நான்கைந்து ரொட்டி வேண்டுமென்றால் முந்தைய நாளே நேரில் சொல்லிவிட வேண்டும், என்ன கனத்தில் வெட்ட வேண்டும் என்பதையும் சேர்த்து. பிரிட்டனுக்கு எடுத்துப் போவதென்றால் வெறும் ரொட்டியாகவே வாங்குங்கள். இறைச்சியோ பாற்பொருளோ உள்ளே வைத்ததை அங்கே கொண்டுபோக அனுமதி இல்லை. விமானம் இரவில் என்றால் பிற்பகல் ஈட்டில் வாங்கி, முழுவதும் ஆறவிட்டு, வெட்டாமல் கட்டித் தரச் சொல்லுங்கள்.