விருந்துக்கு மறுநாள்: பட்டினியா, பழச்சாறா, கஞ்சியா?

மூன்று நாள் தொடர் விருந்துக்குப் பின் ஒரு காலையில் விரலிலிருந்த மோதிரம் கழல மறுத்தது. எடைக்கருவி இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது. வயிறோ முந்தைய இரவு உண்டதை இன்னும் சுமந்துகொண்டிருந்தது. இத்தகைய மறுநாள்களில், வெவ்வேறு சமயங்களில், முழுப் பட்டினி, பழச்சாறு, கஞ்சியும் வேகவைத்த காய்கறியும் என்ற மூன்று வழிகளையும் நான் கடைப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். இப்போது கஞ்சியின் பக்கம் நிற்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எடை எவ்வளவு விரைவில் இறங்குகிறது என்பதை அளவுகோலாகக் கொள்வதில் பொருளில்லை. உடற்கொழுப்பு ஒரு கிலோ சேர வேண்டுமானால், செலவாவதற்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உண்ண வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு உண்ண என்னாலும் இயலாது. கூடியதில் பெரும்பகுதி உப்பு பிடித்துவைத்த நீரும், ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் நீரைச் சேர்த்துக்கொண்டு தங்கும் கிளைக்கோஜனும் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து), குடலில் இன்னும் கழியாமல் இருப்பவையும்தான். மூன்று வழிகளில் எதைப் பின்பற்றினாலும் அந்த நீர் இறங்கிவிடும். உடலில் சேர்ந்த நச்சை வெளியேற்றும் என்று சாறுகளுக்குச் சொல்லப்படும் புகழையும் இங்கேயே ஒதுக்கிவிடலாம்; அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நாள்தோறும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? மறுநாள் மாலை நான்கு மணியை வைத்து என்பதே என் விடை. காலையில் எல்லா வழியும் எளிது. கொழுப்பு சிறுகுடலை எட்டியதும் சுரக்கும் ஹார்மோன்கள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், எண்ணெய்ப் பண்டங்களை வயிறாரத் தின்றவருக்குக் காலையில் பசி வராமல் இருப்பது இயல்பு. அந்தப் பசியின்மையைத் தன் மனவுறுதி என்று எண்ணிக்கொள்கிறவர்தான் மாலையில் சறுக்குகிறார். நானும் அப்படித்தான் எண்ணினேன். தண்ணீரும் பாலில்லாத் தேநீருமாகப் பகலைக் கடத்திவிட்டு, மாலையில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தபடியே நின்று, மீதமிருந்த இனிப்புகளைத் தட்டில்கூட வைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்று முடித்தேன். அன்றிரவு வயிறு முதல் நாளைவிட மோசமாக இருந்தது. பட்டினியின் உண்மையான செலவு அது முடியும் வேளையில்தான் தெரிகிறது. பசிக்கும்வரை காத்திருந்து காலை உணவை மட்டும் தவிர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை; ஆனால் இன்சுலினோ, சர்க்கரை அளவைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைக்கூடச் செய்யக் கூடாது.

பழச்சாற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 250 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் ஏறத்தாழ 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. நார்ச்சத்தின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது. மென்று தின்னும் நிறைவும் இல்லை. ஆப்பிள், பேரிக்காய்ச் சாறுகளில் உள்ள, எளிதில் உறிஞ்சப்படாத சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் சிலருக்கு வயிற்றை மேலும் உப்பவைக்கும். சாறு மட்டும் குடித்த நாளில், பட்டினியில் நான்கு மணிக்கு வந்த பசி இரண்டு மணிக்கே வந்துவிட்டது. பழத்தைப் பழமாகவே உண்டால் இந்தக் குறைகளில் பாதி நீங்கிவிடும்.

கஞ்சியும் முதல் முறை எனக்குக் கைகொடுக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சி குழைய வெந்ததால் எளிதில் செரித்து, இரத்தச் சர்க்கரையை விரைவாக ஏற்றி, இரண்டு மணி நேரத்தில் மறுபடியும் பசிக்க வைத்தது. பிறகுதான் கஞ்சிக்குத் துணை வேண்டும் என்று புரிந்தது. இப்போது ஒரு பங்கு அரிசிக்குப் பத்துப் பங்கு நீர் வைத்து, அரிசியில் கால் பங்கு தோல் நீக்கிய பாசிப்பருப்பும் சேர்த்து, அரிசி மணி உடைந்து கரண்டியிலிருந்து தாரையாக விழும்வரை மெல்லிய தீயில் கிளறுகிறேன். பருப்பு ஒத்துக்கொள்ளாதவர்கள் கடைசியில் ஒரு முட்டையை அடித்து ஊற்றலாம், அல்லது ஆறிய கஞ்சியில் தயிர் கலக்கலாம். பக்கத்தில் கேரட், பூசணி, சுரைக்காய் போன்றவற்றை, விரலால் அழுத்தினால் மசியும் பதத்துக்கு வேகவைத்துக்கொள்கிறேன். இவற்றிலுள்ள பொட்டாசியம், மிகுதியான சோடியத்தைச் சிறுநீர் வழியே கழிக்கச் சிறுநீரகத்துக்குத் துணைசெய்கிறது. உப்பு ஒரு சிட்டிகை போதும். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாக, கஞ்சியை விட்டுவிட்டு உடனடி சூப் பொட்டலத்தைத் தேடுகிறவர்கள், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு உண்ணுமாறு உலகச் சுகாதார அமைப்பு கூறுவதை நினைவில் வைத்து, பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துவிட்டு முடிவுசெய்வது நல்லது.

இப்படி உண்ட நாள்களில் மாலை நான்கு மணி எந்தச் சலனமும் இல்லாமல் கடந்துபோகிறது. சூடாக, மெதுவாக, கரண்டியால் உண்ண வேண்டியிருப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது என் ஊகம். மதியம் ஒரு கிண்ணம், உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஒரு கிண்ணம், ஒவ்வொன்றுக்கும் பின் கால் மணி நேர நடை என்று ஒரு நாள் முழுதும், மறுநாள் மதியம்வரையும் தொடர்கிறேன். அதற்கு மேல் நீட்டினால் சலிப்பு வந்து, சலிப்பே அடுத்த விருந்துக்கு அழைத்துப் போய்விடும்.

பச்சைக் காய்கறி சாலட்டை நான் ஒரே ஒரு முறைதான் முயன்றேன். செரிக்காத நார் பெருங்குடலில் நொதித்து வாயு உண்டானதில் அன்று மாலை இடுப்புப்பட்டியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. நாள்தோறும் சாலட் உண்டு பழகியவர்களுக்கு அந்தச் சிக்கல் வராமல் போகலாம்; ஒரு நாள் அனுபவத்தைக் கொண்டு அதைத் தள்ளிவிட நான் துணியவில்லை.

இவை எல்லாம் வெறும் மந்தத்துக்குத்தான். கொழுப்பு மிகுந்த உணவுக்குப் பின் வலது மேல் வயிற்றில் கடும் வலி எழுந்து தோள்வரை பரவினாலோ, காய்ச்சலும் நிற்காத வாந்தியும் சேர்ந்துகொண்டாலோ, அது பித்தப்பைக் கல்லாகவும் இருக்கக்கூடும். அப்போது கஞ்சிக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிராமல் நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.