எட்டு சனிக்கிழமை, 16 பார்: மியூசிக்கல் தியேட்டர் பிகினர் கிளாஸ் போய்ட்டு வந்த கதை

மியூசிக்கல் தியேட்டர்னா பாட்டு, டான்ஸ், நடிப்பு மூணும் சேந்த மேடை நாடகம், அதுக்கான கிளாஸ் இது, பேரு போடமாட்டேன். சிங்கப்பூர்ல பென்கூலன் பக்கம் ஒரு பழைய கடைவீட்டு மாடில நடக்குது, எட்டு சனிக்கிழமை, ஒவ்வொண்ணும் ரெண்டரை மணி நேரம், 420 வெள்ளி. "ஆடிஷனுக்கு ரெடியாக்கி விடுவோம்"னு விளம்பரத்துல போட்டிருந்தாங்க, அதை நம்பித்தான் கட்டினேன். பாதி நெசம்.

எனக்கு வயசு 36, பத்து வருஷம் கர்னாடிக் படிச்சிருக்கேன், கோயில் பஜனைல முன்வரிசைல ஒக்கார வைப்பாங்க. அதனால பாட்டு பத்தி பயமே இல்ல, டான்ஸ்தான் உதறல். ஆனா மொத நாளே பாட்டுலதான் அடி விழுந்துச்சு.

பியானோ வாசிக்கறவரு "என்ன கீ?"ன்னு, அதாவது எந்த சுருதின்னு கேட்டாரு. என் வாய்ல வந்தது "அஞ்சு கட்டை". அவரு சீனரு பாவம், பியானோவத் திரும்பிப் பாத்தாரு, ஏதோ மரக்கட்டை வேணும்னு கேக்கறேன்னு நெனச்சிருப்பாரு போல. நம்ம ஆளுங்களுக்காக சொல்றேன்: ஒரு கட்டைன்னா சி, அஞ்சு கட்டைன்னா ஜி, அஞ்சரைன்னா ஜி ஷார்ப். இது தெரிஞ்சாலும் வேலை முடியாது. நமக்கு ஆளுக்கு ஒரு கட்டை, எல்லாப் பாட்டையும் அதுலயே பாடிட்டுப் போயிடுவோம். அங்க பாட்டுக்குப் பாட்டு கீ வேற, அந்தக் கேரக்டரோட குரல் எவ்ளோ மேல போகணும்னு பாத்து எழுதியிருப்பாங்க. அதனால "என் கட்டை என்ன"ன்னு யோசிக்காம "இந்தப் பாட்டுல உச்சி சுரம் எது, தூக்கத்துலேர்ந்து எழுப்பி விட்டாலும் எனக்கு அது வருமா"ன்னு யோசிக்கணும்.

அடுத்தது கமகம், அதான் சுரத்தை அசைச்சு வழுக்கிப் பாடறது. ஒரு பொண்ணு தன்னை விட்டுட்டுப் போறவனைப் பாத்து கெஞ்சற மாதிரி ஒரு பாட்டு குடுத்தாங்க, நான் சும்மா வழுக்கி வழுக்கி பாடினேன், நடுவுல கோச் கைய தூக்கி நிறுத்திட்டாங்க. "அழகா இருக்கு, ஆனா அவன் கதவு வரைக்கும் போயிட்டான், இந்த நேரத்துல நீ ஏன் கோலம் போட்டுட்டு இருக்க?" கோலம்ங்கற வார்த்தை என்னோடது, அவங்க சொன்னது வேற, ஆனா அர்த்தம் அதேதான். மொதல்ல பாட்டு வரிய ராகமே இல்லாம வசனமா பேச வெச்சாங்க, அப்புறம் அந்தப் பேச்சு மேலயே சுரத்தை வெச்சாங்க. மூணாவது வாரம் வரைக்கும் எனக்கு இது வெறுப்பாதான் இருந்துச்சு. நாலாவது வாரம் பாடறப்ப தொண்டைல ஏதோ அடைச்சுது, கோச் ஒண்ணும் சொல்லல, தண்ணி பாட்டில நீட்டினாங்க.

ஆடிஷன்ல முழு பாட்டு கேக்க மாட்டாங்க, பெரும்பாலும் 16 பார் இல்லன்னா 32 பார்தான் (பார்னா தாளத்தோட ஒரு சின்ன சுத்து, 4/4ல ஒரு பாருக்கு நாலு பீட்). 4/4 தாளத்துல 16 பார்னா 64 பீட், அதாவது ஆதி தாளம் எட்டு ஆவர்த்தனம், எட்டு முழு சுத்து. கொஞ்சம் வேகமான பாட்டா இருந்தா முப்பது நாப்பது செகண்டுல ஜோலி முடிஞ்சிரும். ஆலாபனையே ஆரம்பிக்க முடியாது!

காசு கட்டினதுக்கு நியாயம் கெடைச்சது அஞ்சாவது வாரம். மொத்தக் கிளாசும் ஃபைல் பத்திதான். ஷீட் மியூசிக்கை, அதான் பியானோக்காரருக்குக் குடுக்கற சுரம் எழுதின தாளை, ரிங் ஃபைல்ல ரெண்டு பக்கமும் அடிச்சு வைக்கணும், பக்கம் திருப்பற வேலை கொறையும். பளபளன்னு பிளாஸ்டிக் கவர் போட்டா மேல இருக்கற லைட்டு அடிச்சு பியானோ வாசிக்கறவருக்கு ஒண்ணும் தெரியாது. எங்க ஆரம்பிக்கறோம், எங்க முடிக்கறோம்னு பெரிசா குறிச்சிருக்கணும். வேகத்தை சொல்ல அவர் முன்னாடி விரல் சொடுக்கக்கூடாது, ரெண்டு பார் அதே வேகத்துல சன்னமா பாடிக் காட்டினா போதும். பாடறப்ப ஜட்ஜுங்க கண்ணப் பாக்காம அவங்க தலைக்கு மேல ஒரு இடத்தப் பாக்கணும், ஏன்னா நேரா பாத்தா அவங்களும் திரும்ப நடிக்கணுமோன்னு நெளியறாங்களாம். ஷீட் மியூசிக்குக்கு காசு செலவு பண்ணாதீங்க, பொது லைப்ரரில ஸ்கோர் (பாட்டோட சுரம் எழுதின) புத்தகங்களே இரவல் கெடைக்குது, நான் அங்கதான் எடுத்தேன்.

டான்ஸ் கால், அதான் ஆடிஷன்ல ஆடிக் காட்டற சுத்து, அதைப் பத்தி ரொம்ப எழுத ஒண்ணுமில்ல. எட்டு எட்டா எண்ணி ஸ்டெப் சொல்லிக் குடுப்பாங்க, பத்து நிமிஷத்துல ஆடிக் காட்டணும். தப்பா ஆடினாலும் மூஞ்ச சுளிக்காதன்னாங்க. எனக்கு ரெண்டுமே வந்துச்சு.

இப்ப குறை. பன்னெண்டு பேருன்னு சொல்லிட்டு 18 பேர சேத்துட்டாங்க. அதனால கடைசி வாரம் நடந்த மாதிரி ஆடிஷன்ல ஆளுக்கு மூணு நிமிஷம்கூட கெடைக்கல, கருத்து சொல்றதையும் ஒரு துண்டு சீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு கிளாஸ் விட்டா விட்டதுதான், மாத்தித் தர மாட்டாங்க, தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைன்னு எத்தனை தடவை சொல்லியும் பிரயோஜனம் இல்ல. ஏசி ஒண்ணுதான் ஓடுது. அப்புறம் உதவிக்கு வந்த ஒரு தம்பி "அக்கா உங்களுக்கு இந்தியன் அம்மா ரோல் நல்லா செட் ஆகும்"னான். சிரிச்சுட்டு விட்டுட்டேன், ஆனா அந்த வாரம் முழுக்க உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதே கிளாஸ்ல இருந்த அறுவது வயசு அங்கிளுக்கு காதலன் பாட்டு குடுத்தாங்களே!

பெரிய குறை வேற. கிளாஸ் முடிஞ்சு ரெண்டு மாசத்துல ஒரு சமூக நாடகக் குழுவோட ஓபன் ஆடிஷனுக்குப் போனேன். சம்பளம் கெடையாது, கூட்டமா சேந்து பாடற கோரஸ்தான் குறி. ஃபைல் பக்கா, வேகம் பக்கா, 16 பார் பாடி முடிச்சேன். நடுவுல இருந்த அம்மா நிமிந்து பாத்து "நல்லாருக்கே, அப்படியே தொடர்ந்து பாடுங்க"ன்னாங்க. எனக்கு தொடர்ச்சி தெரியாது. எட்டு வாரமும் அந்த 16 பாரையே செதுக்கினோம், மீதிப் பாட்டையும் கத்துக்கிட்டு வான்னு ஒருத்தர்கூட சொல்லல. பியானோக்காரரு நாலு பார் வாசிச்சுட்டு தானா நிறுத்திட்டாரு. அந்த அமைதி இருக்கே...

கோரஸ் கெடைக்கல.

முழு நேரமா படிக்க முடியறவங்களுக்கு லாசால் கலைக் கல்லூரில மியூசிக்கல் தியேட்டருக்குன்னே டிகிரி இருக்கு, இந்தக் கிளாஸ் அவங்களுக்கு வேண்டாம். ஆபீஸ் போய்ட்டு வாரக் கடைசில ஆசைய தீத்துக்கணும்னு இருக்கற என்ன மாதிரி ஆளுங்க போகலாம், அஞ்சுக்கு மூணரை ஸ்டார். சேர்றதுக்கு முன்னாடி எத்தனை பேருன்னு எழுத்துல வாங்கிக்கோங்க.

நான் பிராக்டிஸ் பண்றது எங்க புளோக் படிக்கட்டுல, எட்டாவது மாடி. ஆடிஷன் முடிஞ்ச அடுத்த நாள் லிஃப்ட்ல மேல் வீட்டு மலாய் மக்சிக் (மலாய்ல ஆன்ட்டி) என்னப் பாத்து, "நீதானே அது? ரெண்டு மாசமா ஒரே இடத்துல நிறுத்திடறியே, அந்தப் பொண்ணுக்கு அப்புறம் என்னதான் ஆச்சு?"ன்னு கேட்டாங்க. எனக்கும் தெரியாது மக்சிக், இன்னிக்கு பாத்துட்டு வந்து சொல்றேன்னேன்.