சைக்கிளுக்கு பிரேக் போட்ட பல்பு

ஊருக்கு வந்து மூன்றாவது வாரம். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வந்த களைப்பில் பிள்ளைகள் செல்போனுக்குள் முடங்கிவிட்டார்கள். என் மகளுக்கு 9 வயது, அண்ணன் மகனுக்கு 11. இரண்டு பேரையும் கிளப்பிக்கொண்டு அறிவியல் மையத்துக்குப் போனேன்.

நுழைந்ததுமே ஒரு சறுக்கல். கோளரங்கத்துக்குத் தனி டிக்கெட், தமிழ்க் காட்சி குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தான் என்பதை கவுன்டரில் யாரும் சொல்லவில்லை. சுற்றிவிட்டு வந்து கேட்டபோது அன்றைய தமிழ்க் காட்சி முடிந்திருந்தது. போகிறவர்கள் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி பை வைக்க இடம், குடிதண்ணீர், லிஃப்ட் எல்லாம் இருந்தன.

உள்ளே பிள்ளைகள் முதலில் ஓடியது மிதித்தால் பல்பு எரியும் சைக்கிளுக்கு. 5 வாட் எல்இடி பல்பு சும்மா இரண்டு மிதியிலேயே பளிச்சென்று எரிந்தது. பக்கத்திலிருந்த சுவிட்சைத் தட்டினால் 40 வாட் குண்டு பல்புக்கு மாறும். அண்ணன் மகன் அதைத் தட்டியதும் பெடல் கனத்துப்போய், "சித்தப்பா, யாரோ பிரேக் பிடிக்கிறாங்க!" என்று கத்தினான்.

விளக்கம் சொல்ல நின்றிருந்த பெண் சிரித்துக்கொண்டே வந்தார். கல்லூரி மாணவி போலத்தான் தெரிந்தார். "பிரேக் பிடிக்கிறது பல்புதான் தம்பி. அது கரண்டை இழுக்க இழுக்க, டைனமோவுக்குள்ள இருக்கிற காந்தம் உன்னைச் சுத்தவிடாம எதிர்க்கும்." பெரியவர் ஒருவர் விடாமல் மிதித்தால் 100 வாட் அளவுக்குத் தாக்குப்பிடிக்கலாம் என்றும் சொன்னார். உடனே பையன் கணக்குப் போட்டான்: 1000 வாட் அயர்ன் பாக்ஸுக்குப் பத்து பேர் மிதிக்க வேண்டும்! பலகையில் இதே சங்கதி பொடி எழுத்தில், பாடப்புத்தகத் தமிழில் எழுதியிருந்தது. பிள்ளைகள் அதன் பக்கமே திரும்பவில்லை.

அடுத்து ஃபூக்கோ ஊசல்: நீளக் கம்பியில் ஆடும் கனமான குண்டு. பூமி சுழல்வதால் அது ஆடும் திசை மெல்லத் திரும்பி, சுற்றிலும் நட்டிருக்கும் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடும். மகள் இதை நாங்கள் இருக்கும் நாட்டில் பார்த்திருக்கிறாள். "அங்க குச்சி சீக்கிரம் விழுமே, இது ஸ்லோ" என்றாள். குறை ஊசலில் இல்லை, நிற்கிற இடத்தில். துருவத்தில் ஊசல் ஆடும் திசை ஏறக்குறைய ஒரு நாளில் முழுச் சுற்று வந்துவிடும். 1851இல் பாரிஸில் பிரெஞ்சு விஞ்ஞானி ஃபூக்கோ 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினாரே, அங்கே 32 மணி நேரம் போல ஆகும். இங்கே மாதிரி 10 டிகிரி அட்சரேகைக்கு வந்தால் கிட்டத்தட்ட ஆறு நாள். நிலநடுக்கோட்டில் திரும்பவே திரும்பாது. ஆக 5 டிகிரிக்கு ஒரு குச்சி நட்டிருந்தால், அடுத்தது விழ இங்கே இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மகள் காத்திருக்கத் தயாராகத்தான் இருந்தாள்!

கிசுகிசுத்தால் அந்தப் பக்கம் கேட்கும் குழித்தட்டுகளில் ஒன்றின் மேல் "பழுது" என்று தாள் ஒட்டியிருந்தது. அப்படி இன்னும் நாலைந்து. ஆயிரம் கை படுகிற பொருள் கெட்டுப்போகாமல் இருக்குமா? அதனால்தான் இந்த வகை மையங்களுக்கு முன்னோடியான எக்ஸ்ப்ளோரடோரியத்தில் பட்டறையே பார்வையாளர்கள் கண்ணெதிரில் இருக்கிறது. ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கியது அது. இங்கே தாளின் ஓரம் பழுத்திருந்த நிறத்தைப் பார்த்தால், ஒட்டி ரொம்ப நாளாகியிருக்கும் போலிருந்தது.

கோளரங்கத்துக்காக அடுத்த வாரம் மறுபடி போனோம். அந்தப் பெண் அன்று லீவு. சைக்கிள் பக்கம் யாருமே இல்லை. ஒரு சின்னப் பையன் மூச்சு வாங்க மிதித்துவிட்டு, கீழே குனிந்து சக்கரத்தில் எதையோ தேடினான். அண்ணன் மகன் போய் அவன் தோளைத் தட்டினான்: "பிரேக் பிடிக்கிறது பல்புதான் தம்பி."