பின்களத்திலிருந்து கட்டி விளையாடுதல்: மூன்று பருவங்களுக்குப் பிறகு

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் பயிற்சிப் பொறுப்பை அண்மையில் ஏற்றுக்கொண்ட நண்பர் ஒருவர் கடந்த செவ்வாய்க்கிழமை இரவு தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், நீங்கள் மூண்டு வருசமா பின்னுக்கிருந்து கட்டித்தானே விளையாடுறீங்கள், எங்கட பொடியன்களுக்கும் அது சரிவருமா?" என்று கேட்டார். "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட்டேன். அதற்கு இரண்டு நாள் முன்புதான், ஒரு விலகல் முறைச் சுற்றுப்போட்டியில், எங்கள் சொந்தக் கோல் உதையிலிருந்து (எதிரணி பந்தைக் கோல் கோட்டுக்கு வெளியே அனுப்பிய பின் கோலுக்கு முன்னாலிருந்து நாங்கள் எடுக்கும் உதை) வாங்கிய கோலால் வெளியேறியிருந்தோம். அந்தச் சூட்டில் சொன்ன பதில் கேட்டவருக்கும் நியாயமானதல்ல, மூன்று பருவங்கள் நாங்கள் நம்பி ஆடிய முறைக்கும் நியாயமானதல்ல. ஆகவே இப்போது நிதானமாக எழுத முயல்கிறேன். ஆனாலும் கோபம் முழுவதும் ஆறிவிட்டது என்று சொல்லமாட்டேன்.

முறையை விளக்க வேண்டியதில்லை. கோல் காப்பாளர் நீளமாக அடிக்காமல் பக்கத்தில் நிற்பவருக்குத் தட்டிவிடுவதையும், நடுப் பின்கள வீரர்கள் இருவரும் விரிந்து நிற்பதையும், மத்தியகள வீரர் ஒருவர் இறங்கி வந்து பந்து கேட்பதையும் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். அங்கே எவரும் கவனிக்காத ஒன்று தரை. எங்கள் மைதானத்தில் புல் கோடுகளின் ஓரமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. நடுவெல்லாம் மணலும் கிறவலும். கிழக்குக் கோலுக்கு முன்னால், காப்பாளரின் இடது கைப் பக்கமாக, சிறிய பெட்டியின் மூலையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு பள்ளம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் அதில் தண்ணீர் தேங்கும். தை கடந்து வெயில் ஏறியதும் சேறு வெடித்து, அதில் பதிந்திருந்த சப்பாத்துத் தடங்களெல்லாம் கல்லைப் போல இறுகிவிடும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் மான்களும் அங்கே வந்து மேய்வதால், அவற்றின் குளம்புத் தடங்களும் சேர்ந்து கிடக்கும்.

இந்தப் பள்ளத்தில் பந்து துள்ளுவது பழகிவிட்டது. மூன்று பருவங்களாக என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருப்பது வேறு: பந்து துள்ளக்கூடும் என்று தெரிந்த வீரர் தலையைக் குனிந்துகொள்வது. நல்ல புல்தரையில் பந்தை வாங்குபவர், அது தன்னிடம் வந்து சேருமுன்பே இரண்டு தடவை தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்துவிடுகிறார். கடைசி இரண்டு மீற்றரில் பந்து எங்கே இருக்கும் என்பதற்குத் தரையே அவருக்குப் பிணை நிற்கிறது. எங்கள் பையன்களுக்கு அந்தப் பிணை இல்லாததால், அவர்களுடைய கண் அந்தக் கடைசி இரண்டு மீற்றரிலும் பந்திலேயே ஒட்டிக்கொள்கிறது. எதிரணி முன்கள வீரர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறார், அடுத்த நடுப் பின்கள வீரர் எங்கே நிற்கிறார், காப்பாளருக்குத் திருப்பிக் கொடுக்கும் பாதை திறந்திருக்கிறதா என்ற மூன்றும் அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிவதில்லை. எங்களுக்கு எதிராக அடிக்கடி ஆடும் அணிகள் இதைக் கண்டுபிடித்துவிட்டன. அவர்கள் இப்போதெல்லாம் பந்து தட்டப்பட்டவுடன் பாய்வதில்லை. எங்கள் வீரரின் தலை எப்போது கீழே போகிறது என்று காத்திருந்து பாய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததும் அதுதான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலையில் இருந்தது. முடிவுக்குச் சில நிமிடங்களே இருந்தன. காப்பாளர் இடது பக்கம் தட்டினார். எங்கள் இடது நடுப் பின்கள வீரர் வலது காலால் ஆடுபவர். பந்தை உடலுக்குக் குறுக்காக வாங்கி உள்நோக்கித் திரும்புவார், அதற்கு அவருக்கு இன்னும் ஒரு தொடுகை கூடுதலாகத் தேவைப்படும். பந்து அந்த இறுகிய தடங்களில் ஒன்றின் விளிம்பில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. அவர் அதை உள்ளங்காலால் அமுக்கிப் பிடிக்கப் போனார்; அமுக்கிய பந்து ஒரு முழம் முன்னால் ஓடியது; அந்த ஒரு முழத்துக்குள் எதிரணிக்காரரின் கால் வந்துவிட்டது. கோல் திறந்து கிடந்தது. காரணம், காப்பாளர் கம்பங்களுக்கு நடுவே நிற்கவில்லை. திருப்பிக் கொடுக்கும் பந்து தவறினாலும் கோலுக்குள் உருளாதபடி, கம்பத்துக்கு வெளியே விலகி நின்று வழி காட்ட வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் சொல்லிக் கொடுத்தபடியே நின்றார். ஆட்டம் முடிந்து வெளியே வந்த பின்கள வீரர் என்னிடம் "அண்ணா, பந்து துள்ளிட்டுது" என்று மட்டும் சொன்னார். அது உண்மை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் விளையாட்டுக் காலத்தில் இந்த ஆபத்துக்கு ஒரு மறைவிடம் இருந்தது. கோல் உதை பெனால்டி எல்லையை, அதாவது கோலுக்கு முன்னாலுள்ள பெரிய பெட்டியைத் தாண்டினால்தான் பந்து ஆட்டத்தில் சேரும் என்பது பழைய விதி. எதிரணிக்காரர் பாய்ந்து வருவதைக் கண்டால், பந்து எல்லையைத் தாண்டுமுன் உள்ளே இறங்கித் தொட்டுவிடுவோம். மத்தியஸ்தர் உதையைத் திரும்ப எடுக்கச் சொல்வார். 2019 ஜூன் முதல் விதி மாறியது. இப்போது பந்து உதைக்கப்பட்டுத் தெளிவாக அசைந்தவுடனேயே ஆட்டம் உயிர்பெறுகிறது, எல்லைக்குள்ளேயே வாங்கலாம். பின்னிருந்து கட்டுவோருக்கு இது பெரிய வரம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். எதிரணி அதுவரை எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பெனால்டி எல்லை கோல் கோட்டிலிருந்து 16.5 மீற்றர், சிறிய பெட்டி 5.5 மீற்றர், பெட்டியின் மூலைக்கு நேராக நின்று பந்து வாங்கும் வீரருக்கும் எல்லையில் காத்திருக்கும் முன்கள வீரருக்கும் இடையே 11 மீற்றர்தான். மணலில் இழுபட்டு வேகம் குறைந்து வரும் பந்துக்கு அந்த 11 மீற்றர் போதாது. முன்பு தவறினால் உதையைத் திரும்ப எடுத்தோம். இப்போது தவறினால் கோலுக்குள் கிடக்கும் பந்தை எடுத்து நடுவட்டத்தில் வைக்கிறோம்.

இந்த முறைக்குப் பேர்போன பயிற்சியாளர் பெப் குவார்டியோலாவின் பெயரையும் நண்பர் இழுத்தார். சரி, அவரையே எடுத்துக்கொள்வோம். 2016இல் இங்கிலாந்தின் மன்செஸ்டர் சிட்டி கழகத்துக்கு வந்தவர், காலால் ஆடத் தெரிந்த காப்பாளர் வேண்டும் என்று ஜோ ஹார்ட்டை ஒதுக்கிவிட்டுக் கிளாடியோ பிராவோவைக் கொண்டுவந்தார். அந்த ஒக்டோபரிலேயே பார்சிலோனாவில் பிராவோ பந்தைத் தவறாகக் கொடுத்து, அதைச் சரிசெய்யப் போய் எல்லைக்கு வெளியே கையால் தடுத்துச் சிவப்பு அட்டை பெற்றார். ஆட்டத்தில் சிட்டி நான்குக்குப் பூச்சியம் என்று தோற்றது. அடுத்த ஆண்டு காப்பாளர் எடர்சனை வாங்கிய பின்புதான் அந்த இடம் சரிவந்தது. இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தின் உச்சப் பிரிவான பிரீமியர் லீக்கிற்கு ஏறிவந்த பேர்ன்லி 2023-24இல் 24 புள்ளிகளோடும், சவுத்ஹாம்ப்டன் 2024-25இல் 12 புள்ளிகளோடும் கீழ்ப் பிரிவுக்கு இறங்கிப் போயின. இறங்கியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. ஆனால் நாள்தோறும் பயிற்சி செய்யும், மேசை விரிப்பைப் போன்ற புல்லில் ஆடும் அணிகளே இதற்கு விலை கொடுத்திருக்கின்றன என்றால், வாரத்தில் இரண்டு மாலைகள் மட்டும், அதுவும் துறைமுக வேலையும் கடல் தொழிலும் கடை வேலையும் முடித்துக் களைத்து வரும் பையன்கள் என்ன விலை கொடுப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்ன பிறகு, இந்த முறை எங்களுக்குச் செய்த நன்மையையும் மறைக்கக்கூடாது. நான் எதிர்பாராத இடத்தில் அது கைகொடுத்தது: கச்சான் காற்றில். ஆனி, ஆடி மாதங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மேற்கிலிருந்து அந்த வறண்ட காற்று வீசத் தொடங்கினால், கிழக்குக் கோலிலிருந்து தூக்கி அடிக்கும் பந்து நடுக்கோட்டை எட்டாது. மேலே போய்த் தயங்கி நின்று, சில வேளைகளில் அடித்த பக்கமாகவே திரும்பி வந்து விழும். அது எங்கள் ஆட்கள் யாருமில்லாத இடத்தில், ஓடி வரும் எதிரணி மத்தியகள வீரரின் காலடியில் விழும். முன்பெல்லாம் அந்தப் பாதியில் நாங்கள் மூச்சுவிட முடியாமல் அடைபட்டுக் கிடப்போம். கட்டி விளையாடப் பழகிய பிறகு, காற்றுக்கு எதிரான பாதியில் பந்தைத் தரையோடு வைத்துக்கொண்டு, வலது பக்கமாக நான்கைந்து கொடுக்கல் வாங்கலில் நடுக்கோட்டைத் தாண்டிய ஆட்டங்கள் பல. "தூக்கி அடிடா" என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவர்கள் அந்த நாட்களில் அமைதியாகி விடுவார்கள். தரை மட்டமாக இருக்கும் இடத்தில் பந்துக்குக் கச்சானும் பொருட்டல்ல என்பதை அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

இன்னொன்று, எங்கள் காப்பாளர். தகப்பனோடு கடலுக்குப் போகிற பையன். வந்த புதிதில் வாய் திறக்கவே மாட்டார். பந்து காலுக்கு வரத் தொடங்கியதும், கேட்டு வாங்கவும் சொல்லிக் கொடுக்கவும் வேண்டி வந்தது. இப்போது தன்னைவிடப் பத்து வயது மூத்தவர்களை "அண்ணா, வலது, வலது" என்று அதட்டி நகர்த்துகிறார். அந்தக் குரலைக் கேட்கும்போது எனக்கு உண்டாகும் மகிழ்ச்சியை எந்தக் கோலும் தந்ததில்லை.

அப்படியானால் வலது பக்கமாகவே ஆடலாமே என்று நண்பர் கேட்கக்கூடும். கோல் உதையைச் சிறிய பெட்டிக்குள் எங்கிருந்தும் எடுக்கலாம் என்பதால் நாங்களும் அதைச் செய்து பார்த்தோம். இரண்டு ஆட்டங்கள் சரியாகப் போனது. மூன்றாவது ஆட்டத்தில் எதிரணி மூன்று பேரை வலது பக்கம் நிறுத்திவிட்டு, இடது பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. பள்ளம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்களும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறார்கள்.

பாராட்டையும் குறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், குறை நீளமானாலும் பாராட்டே கனம் என்பது எழுதும்போது எனக்கே தெரிகிறது. இருந்தாலும் நண்பருக்கு என் பதில் மாறவில்லை: வேண்டாம், இந்தப் பருவத்தில் வேண்டாம். எங்களுக்கும் அதுவே. வரும் சனிக்கிழமை இரண்டு டிரக்டர் மண் பறித்து அந்தப் பள்ளத்தை நிரப்புவதாகப் பையன்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். அது இறுகி மட்டமாகும் வரை, கிழக்குக் கோலில் கச்சான் வீசாத நாட்களில் கோல் உதை நடுக்கோட்டுக்கு அப்பால்தான் போகும்; கச்சான் வீசும் நாட்களில் மட்டும் வலது பக்கமாகக் கட்டுவோம், மூன்று பேர் அங்கே நின்றாலும் சரி.

நாளை மாலை பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போகிறேன். நண்பரின் மைதானத்தில் இரண்டு கோல் வாய்களின் முன்னாலும் வெறுங்காலோடு நடந்து பார்க்க வேண்டும். பந்தும் கொண்டுபோகிறேன்.